பத்துப் பேரோடு முடிந்த ஆட்டம்

அண்ணா,

இன்று மதியம் ஈஸ்ட் ஹாமில் ஒரு பலசரக்குக் கடையில் வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற பெண் ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். நோவெண்ணெய். அந்தச் சொல்லே நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்; எங்கள் திருநெல்வேலியில் அது வெறும் தைலம். வாசனை வந்ததும் கல்லூரி மைதானத்து ஈரப் புல்லும், வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டே ஆட்டத்தைப் பார்க்கும் உங்கள் முகமும் கண்முன் வந்துவிட்டன. வாங்க வந்ததை வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. வால்தம்ஸ்டோ பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான் கணக்கு ஆசிரியை. வேறு யாரும் ஏற்காததால் கால்பந்து அணியின் நிர்வாகம் என் தலையில் விழுந்திருந்தது. பேருந்து ஏற்பாடு, சட்டை துவைப்பு, முதலுதவிப் பை. தலைமைப் பயிற்சியாளருக்குக் கோல் அடிப்பவர்களிடம் மட்டுமே அக்கறை. தடுப்பு வரிசையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமென்று கல்லூரி விளம்பரம் கொடுத்தபோது வந்தவர் நீங்கள். யாழ்ப்பாணத்தில் பள்ளி அணியின் பின்வரிசையில் ஆடி, ஜெர்மனியில் ஒரு சிறு கழகத்துக்காக ஆடியே முழங்காலைக் கெடுத்துக்கொண்டு, பயிற்சியாளர் சான்றிதழும் வாங்கி லண்டன் வந்து, ரொட்டித் தொழிற்சாலையில் அதிகாலை ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"எனக்கு புட்பால் பத்தி ஒண்ணுமே தெரியாதுண்ணா" என்றேன் முதல் நாளே.

"அது நல்லது, ரீச்சர். தெரிஞ்சவைதான் எல்லாத்தையும் குழப்பிறவை."

அடுத்த நாள் துணி காயப்போடும் கயிறு ஒன்றோடு வந்தீர்கள். தடுப்பாட்டக்காரர்கள் நால்வரின் இடுப்பிலும் அதை வரிசையாகக் கட்டினீர்கள். ஒருவன் தனியாகப் பந்தின் பின்னால் ஓடினால் நால்வரும் விழுந்தார்கள். தலைமைப் பயிற்சியாளர் தூரத்தில் நின்று சிரித்தார். பையன்களும் முதலில் சிரித்தார்கள். பதற்றத்தில் உங்களுக்கு ஆங்கிலம் மறந்து ஜெர்மன் வந்துவிடும். "லிங்ஸ், லிங்ஸ்" என்று கத்துவீர்கள். கானா நாட்டுப் பையன் குவாமேயும் வங்காளிப் பையன்களும் இடப்பக்கத்தை ஜெர்மன் மொழியில் சொல்லப் பழகிவிட்டார்கள். இலையுதிர் காலம் முடிவதற்குள் கயிறு தேவைப்படவில்லை. நால்வரும் சேர்ந்தே நகர்ந்தார்கள். வாரத்துக்கு நாலைந்து கோல் வாங்கிக்கொண்டிருந்த அணி, வாங்காமல் திரும்பத் தொடங்கியது.

"பந்தைப் பாக்காதை, பக்கத்திலை நிக்கிறவனைப் பார்." இதை நீங்கள் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்.

மூன்றாம் ஆண்டில் கல்லூரிகளுக்கிடையிலான கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போனோம். முதல்வரே பார்க்க வந்திருந்தார். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னிலையில் இருந்தோம். கால் மணி நேரம்கூட மிச்சமில்லை. மாற்று ஆட்டக்காரர்கள் எல்லாரையும் இறக்கி முடித்தாயிற்று. ஒரு பந்தைத் தலையால் முட்டப் போன குவாமே எதிரணிக்காரனின் தலையில் மோதி விழுந்தான். நீங்களும் நானும் முதலுதவிப் பையோடு ஓடினோம். அவன் எழுந்து நின்றான், சிரித்தான். "இது முதல் பாதியா மிஸ்?" என்று என்னிடம் கேட்டான். இல்லை, இரண்டாம் பாதி என்றேன். அரை நிமிடம் போகவில்லை, அதையே திரும்பக் கேட்டான்.

தலைமைப் பயிற்சியாளர் கோட்டோரத்திலிருந்து கத்தினார்: அவன் நன்றாகத்தான் இருக்கிறான், விடுங்கள்.

நீங்கள் குவாமேயின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு நடுவரிடம் போய், இவன் வெளியே வருகிறான் என்றீர்கள். அவன் அழுதான், உங்கள் கையை உதறினான். தோளில் கைபோட்டு மெல்ல நடத்திக் கூட்டி வந்தீர்கள். நாங்கள் பத்துப் பேரானோம். அடுத்தடுத்து இரண்டு கோல் விழுந்தது. கோப்பை போனது.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் எந்தப் பாதிப்பும் இல்லை என்றார்கள். அந்த முடிவையே உங்களுக்கு எதிரான சாட்சியாக்கிக்கொண்டார் தலைமைப் பயிற்சியாளர்.

முதல்வர் அறையில் கூட்டம் நடந்தது. பையன் தெளிவாகப் பேசினான், எதுவுமில்லாததற்கு இவர் ஆட்டத்தைத் தொலைத்தார் என்றார் தலைமைப் பயிற்சியாளர். நீங்கள் இரண்டே வாக்கியங்கள் சொன்னீர்கள், உடைந்த ஆங்கிலத்தில்: பையன் குழம்பியிருந்தான், அதனால் வெளியே எடுத்தேன். முதல்வர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களே, அவன் குழம்பியிருந்தானா?"

என் வேலை அனுமதி அந்தக் கோடையில் முடிய இருந்தது. புதுப்பிக்கக் கல்லூரியின் கடிதம் வேண்டும். வீட்டில் கைக்குழந்தை. இதையெல்லாம் அந்த ஒரு கணத்தில் நினைத்தேனா, பிறகு எனக்காக நானே சேர்த்துக்கொண்டேனா என்று இன்றும் தெரியவில்லை. "எனக்குக் கால்பந்து பற்றித் தெரியாது" என்றேன். அவர் கேட்டது கால்பந்தைப் பற்றியே இல்லை.

அடுத்த பருவத்துக்கு நீங்கள் தேவையில்லை என்று கடிதம் வந்தது. பஸ் நிறுத்தத்தில் உங்களைப் பார்த்தேன். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம்ணா" என்றேன்.

"ஒண்டுமில்லை எண்டது நல்ல செய்திதானே, ரீச்சர்" என்றீர்கள். உங்கள் முகத்தில் உண்மையாகவே நிம்மதி இருந்தது. "சரி, வாறன்."

மறுவாரம் குவாமேயின் அம்மா பெரிய பாத்திரம் நிறையச் சோறும் கோழியும் சமைத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். என் மகனை வெளியே கூட்டி வந்தவர் எங்கே என்று கேட்டார். இனி வரமாட்டார் என்று சொல்ல வேண்டியவள் நானானேன். பாத்திரத்தை என் கையில் கொடுத்து, அவரிடம் சேர்த்துவிடு என்றார். குட்மேய்ஸில் உங்கள் வீட்டு வாசலில் மணியடித்து, கதவைத் திறந்த உங்கள் மனைவியிடம் கொடுத்துவிட்டு, உள்ளே வராமல் திரும்பினேன்.

ஒரு வருடம் உங்களுக்கு எங்கும் இடமில்லை. பிறகு கிழக்கே வேறொரு கல்லூரி கூப்பிட்டது. ஐந்து பருவங்கள் அங்கே இருந்தீர்கள். ஆண்டுக்கு இரண்டு முறை உங்கள் அணி எங்களோடு மோதும். அந்த நால்வர் ஒரே மூச்சில் நகர்வதைப் பார்த்தாலே இது யார் கைவேலை என்று தெரிந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்து, "பிள்ளை எப்படி இருக்கிறா? நல்லாச் சாப்பிடுறாவோ?" என்று கேட்பீர்கள். அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் வராது. வராமல் இருந்ததே எனக்குப் பாரமாக இருந்தது.

உங்களுக்கு ஈரலில் புற்று என்று குவாமேதான் போனில் சொன்னான். அவன் அப்போது மின்பணியாளன். வாரம் தவறாமல் உங்களைப் பார்க்க வந்துகொண்டிருந்தான். நான் போன மாலையில் நீங்கள் தலையணையில் சாய்ந்து, ஒரு தாளில் பின்வரிசையின் நால்வரை வட்டமிட்டு வரைந்துகொண்டிருந்தீர்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்காம்.

நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னேன். "அண்ணா, அன்னிக்கு மீட்டிங்ல நான் உண்மையைச் சொல்லலை. அவன் ரெண்டு தடவை கேட்டான். எனக்குத் தெரியும்."

"நீங்கள் சொல்லியிருந்தாலும் என்னை அனுப்பித்தான் இருப்பாங்கள்."

"இருந்தாலும் நான் சொல்லியிருக்கலாம்."

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். கோபமில்லாத பார்வை.

"ஓம்," என்றீர்கள். "சொல்லியிருக்கலாம்."

பிறகு தண்ணீர் கேட்டீர்கள். குடிக்கும்வரை கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் இறுதிச் சடங்கில் இரண்டு கல்லூரிகளின் பையன்களும் வந்திருந்தார்கள். அவர்களில் பலர் இப்போது தகப்பன்மார். நான் அதே கல்லூரியில்தான் இருக்கிறேன். நீண்ட மேசைகளைச் சுற்றி நடக்கும் கூட்டங்களில் உட்காருகிறேன். அந்தச் சம்பவத்தைச் சொன்னபோது என் கணவரும் தோழிகளும், உன் நிலைமையில் யாராயிருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று தேற்றினார்கள். அந்தத் தேறுதல் ஒன்றுகூட நிலைக்கவில்லை. நீங்கள் மன்னித்தீர்களா என்று தெரியாது, நான் கேட்கவுமில்லை. ஆனால் நான் செய்ததைச் சிறிதாக்காமல் அப்படியே என்னிடம் திருப்பித் தந்தவர் நீங்கள் ஒருவர்தான். மேசையில் யாரைப் பற்றியாவது பொய் ஒன்று உருளும்போது கையைத் தூக்குகிறேன். குரல் நடுங்கத்தான் செய்கிறது. நடுங்கிக்கொண்டே, கண்டதைச் சொல்லிவிடுகிறேன்.