எலும்பு பிடிக்க ஐந்து மாதம்

என் அன்பு மனைவிக்கு,

உன் முன்பற்கள் போனதிலிருந்து மசித்துவந்த மரச்சீனிக் கிழங்கை இனி மசிப்பதில்லை என்ற முக்கிய முடிவு இன்று காலை எட்டு மணிக்கு இந்த வீட்டில் எடுக்கப்பட்டது. யாரும் எதிர்க்கவில்லை. நான் மட்டும்தான் இருந்தேன்.

புதுப் பல்லுக்காகத் தாடையில் பதித்த இம்பிளாண்டை எலும்பு பிடிக்க ஐந்து மாதமாகும், அதுவரை காட்டாக்கடையில் தங்கை வீட்டில் இருப்பேன் என்றாய். கழற்றி மாட்டும் பல்லைப்போல ஆடாது, பக்கத்துப் பல்லை அராவவும் வேண்டாம் என்றாய். எல்லாம் சரி. ஆனால் பாறசாலையில் இருந்தால் எலும்பு பிடிக்காதா?

நீ போய் எட்டு மாதமானதால் பல் டாக்டருக்குப் போன் செய்தேன். "பல்லு வச்சு மூணு மாசம் ஆச்சே அண்ணா! இனி முறுக்கும் கடிக்கலாம், வாயத் தொறந்து சிரிக்கவும் செய்யலாம்" என்றார்.

உன் தங்கையிடம் கேட்டேன். "அக்கா இங்க சர்ச்சில பாட்டு பாடுதா. ஐம்பத்தாறு வயசில பல்லு எதுக்குன்னு கேட்ட ஆளுக்கு இப்ப என்ன அறியணும், அத்தான்?" என்றாள்.

நம்பாமல் ஞாயிறன்று அங்கே வந்து கடைசி பெஞ்சில் இருந்தேன். நீ பாடினாய். ஆராதனை முடிந்து வாசலில் யாரோ சொன்னதற்குச் சிரித்தாய். கை வாயை மறைக்கப் போகவில்லை. நம் வீட்டில் நான்கு வருடமாகப் போய்க்கொண்டிருந்த கை அது. நான் உன்னிடம் வராமல் பஸ் ஏறிவிட்டேன்.

உன் பெயரை நம் சபையிலிருந்து அந்தச் சபைக்கு மாற்றக் கேட்டு நீ அனுப்பிய விண்ணப்பம் நேற்றுக் கிடைத்தது. சபைச் செயலாளர் என்ற முறையில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்