இடுப்பளவு வேலி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி இப்போது தேவலையா? நான் நலம். தோட்டப் பராமரிப்புத் தொழிலும் பரவாயில்லாமல் ஓடுகிறது.

நேற்று ஒரு வீட்டில் செடிவேலியின் உச்சியைக் கத்தரிக்கும்போது ஏணி சறுக்கிவிட்டது. சிராய்ப்புதான், பயப்படாதீர்கள். அங்கே தனியாக இருக்கும் வீட்டுக்காரம்மா மருந்து போட்டுவிட்டு, "ஏணியே வேணாம்பா, இடுப்பளவுக்கு வெட்டிடு. ஒரு மனுஷ முகமாவது தெரியட்டும்" என்றார். வெட்டினேன். அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் திகைத்து நின்றார். பிறகு, "சாப்டீங்களாம்மா?" என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டார். நான் கிளம்பும்போதும் இருவரும் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள்.

முள் கிழிக்கிறது, அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டைகளை அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் போனை உடனே வைத்துவிடாதீர்கள். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சமையுங்கள்.

மழை வருகிறது. புல் வெட்டும் மெஷின் வெளியே கிடக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் மகன்