படுத்த நிலையில் எடுத்த ரத்தம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசாமல் எழுதுகிறானே என்று கோபித்துக்கொள்ளாதே. பேச ஆரம்பித்தால் நீ அழுவாய்.

திடீரென்று நெஞ்சு தடதடக்கிறது. தலைவலி. சட்டை நனைகிற வேர்வை. கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி. ஒருமுறை கிரேன் ஓட்டும்போது கேபினிலேயே வந்தது. கீழே ஆட்கள். யாரிடமும் சொல்லவில்லை; சொன்னால் கேபினிலிருந்து இறக்கிவிடுவார்கள்.

ஹெர்னியா ஆபரேஷனுக்குப் போன இடத்தில் பிரஷர் எகிறியது. உன் லேபுக்கு ரத்தம் அனுப்பியிருக்கிறார்கள். "அக்கா லேபா? அப்ப பாஸ்னு போட்டுடுவாங்க" என்கிறான் என் மச்சான்.

உன் தம்பி

மார்ச் 10

அன்புள்ள தம்பிக்கு,

உன் ரத்தத்தில் ஒரு ஹார்மோனின் அளவு மிக அதிகம். ஆனால் உன்னை உட்கார வைத்து ரத்தம் எடுத்திருக்கிறார்கள். உட்கார்ந்தாலே இந்த ஹார்மோன் கொஞ்சம் ஏறும். அதனால் மறுபடியும். வீட்டுக்கே ஆள் அனுப்புகிறேன். வெறும் வயிறு. அரைமணி நேரம் படுத்திரு. படுத்தபடியே எடுக்க வேண்டும்.

மறைக்காமல் சொல்கிறேன். சிறுநீரகத்தின் மேலே அட்ரீனல் சுரப்பி. அதில் அபூர்வமாக ஒரு கட்டி வரும். ஹார்மோனை அள்ளிக் கொட்டும். அது இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் மேஜையிலேயே உயிர் போகலாம். தெரிந்துவிட்டால் முதலில் மாத்திரை, பிறகு கட்டியை எடுக்கலாம். கிரேன் காத்திருக்கட்டும்.

அக்கா

மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நார்மல். ரிப்போர்ட்டை உன் கையெழுத்தோடு பார்த்ததும் என் மனைவி அழுதேவிட்டாள். பிணம் மாதிரி படுத்திருந்தேன் என்று சொன்னதற்கு, "வாயைக் கழுவுங்க" என்று திட்டினாள்.

இந்த வாரமே ஆபரேஷன். பிறகு கேபின். இனி பயமுறுத்தாதே.

உன் தம்பி

மார்ச் 20

தம்பி,

உன் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நார்மல் என்று வந்ததும் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். என் தம்பி அல்லவா. அப்புறம்தான் ரத்தம் இருந்த குழாயைப் பார்த்தேன். மேலே நின்ற நீர் பால் மாதிரி கலங்கியிருந்தது. வெறும் வயிற்று ரத்தம் அப்படி இருக்காது. அடியில் தங்கியிருந்த ரத்த அணுக்களில் ரத்த வகை பார்த்தேன். உன்னுடைய வகை இல்லை.

ரத்தம் எடுக்க வந்தவரைக் கேட்டேன். "படுத்திருந்தவர் நல்ல குண்டு மேடம். ஜோக் அடிச்சுக்கிட்டே இருந்தார்." நீ ஒட்டடைக்குச்சி.

உன் மச்சான் ஒத்துக்கொண்டான். "வேலை போயிடும்னு கையப் பிடிச்சுக் கெஞ்சினார்க்கா. உயிர்ப் பிரச்சினைன்னு சொல்லவே இல்ல." உன் மனைவிக்கு இதுவரை எதுவும் தெரியாது.

உன் சர்ஜனுக்குச் சொல்லிவிட்டேன். நான் விசாரிப்பது தெரிந்துதானோ என்னவோ, நேற்றே நீ ஃபைலை வாங்கிக்கொண்டு போய்விட்டாயாம். கிரேன் யார்டில் கேட்டால் லீவாம். போனும் ஆஃப். வேறு ஏதோ ஓர் ஊரில், வேறு ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில், யாரோ ஒரு டாக்டர் என் கையெழுத்தைப் பார்த்து, சரி, படுங்கள் என்று சொல்வார்.

ரிப்போர்ட்டை ரத்து செய்தேன். காகிதம் உன் கையில்தான் இருக்கிறது.

இதையே நான்கு பிரதி எழுதுகிறேன். ஒன்று உன் மனைவியிடம் இருக்கும். மச்சான் இரண்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடக் கிளம்புகிறான். மிச்சம் ஒன்றோடு நான் கிளம்புகிறேன். எது உன் கைக்கு வருமோ தெரியாது.

எனக்குப் பதில் வேண்டாம். கிரேன் விஷயத்தில் என்னோடு ஆயுசுக்கும் பேசாமல் இரு. இது கைக்கு வந்தால், மயக்க மருந்து டாக்டரிடம் காட்டு. அதற்கும் மனசு வரவில்லையென்றால், இதை மட்டும் செய். உன்னைப் பட்டினி போட்டிருப்பார்கள். யாரும் பார்க்காதபோது எழுந்து வெளியே போய் வயிறு நிறையச் சாப்பிடு. திரும்பிப் போய், சாப்பிட்டுவிட்டேன் என்று சொல். சாப்பிட்டவனை இன்றைக்கு மேஜையில் ஏற்ற மாட்டார்கள்.

சாப்பிடுடா.

அக்கா