காடிக்குள் உயிர் கண்டவரின் கடைசி ஊர்வலம்

அன்பு மகள் நெல்ட்யேவுக்கு, உன்னை வளர்த்த மாமன் ஃப்லோரிஸ் லெய்டனிலிருந்து எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் நலம், இருவரும் ஒருவரையொருவர் பிரிவதே இல்லை. பெர்கனில் நீயும் மாப்பிள்ளையும் அந்த ஓயாத மழையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன் மகளே, உலகத்தில் ஒருவரும் நம்ப முடியாத கதை ஒன்றை இப்போது சொல்லப் போகிறேன். நீயும் நம்ப வேண்டாம்.

எதிர்வீட்டு ரெய்னியர் ஐயா போய்விட்டார். பித்தளைத் தகட்டில் பயறளவு பூதக்கண்ணாடியைப் பதித்துக்கொண்டு கடவுள் படைத்ததையெல்லாம் கணக்குக் கேட்ட மனிதர். மழைத்துளி, ஈயின் கால், பல் அழுக்கு, பாதிரியாரின் பொடுகு, எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. பார்த்ததையெல்லாம் லண்டன் அறிஞர்களுக்கு எழுதினார், அந்தக் கடிதங்களின் பாரம் தாங்காமல் இரண்டு கப்பல்கள் மூழ்கின. அங்கிருந்து பாராட்டு வந்துகொண்டே இருந்தது. ஆனால் செத்தவரைத் தூக்க லண்டனிலிருந்து ஆள் வருமா? அதற்குத் தெருதான் வேண்டும். கைவண்டி திரும்ப இடமில்லாத நம் சந்து தன்னைப் பேரரசு என்று சொல்லிக்கொள்வதும், மீனுக்கு ஊற்றும் புளிப்புக் காடி விற்கும் கெர்பிராண்ட் அதற்குச் சக்கரவர்த்தி என்பதும் நீ அறிந்ததுதான். யார் செத்தாலும் இந்தச் சக்கரவர்த்திதான் வாசல் வாசலாகப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டவர்கள் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு சவப்பெட்டிக்குத் தோள் கொடுக்க வேண்டும். அவர் கூப்பிடாவிட்டால் கூலியாட்கள் தூக்கிப் போவார்கள், நாதியற்றவன் போன மாதிரி. கெர்பிராண்ட், கூப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

காரணம் நீ கல்யாணமாகிப் போன பிறகு நடந்தது. தெரு விருந்தில் எல்லோரும் ஹெர்ரிங் மீனில் கெர்பிராண்டின் காடியைத் தாராளமாக ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ரெய்னியர் ஐயா அதில் ஒரு சொட்டைத் தன் கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளை பிறந்த தகப்பன் மாதிரி எழுந்து நின்று, “கெர்பிராண்ட், உங்க காடிக்குள்ள உயிர் இருக்குங்க! குட்டிக் குட்டியா விலாங்கு மீன் மாதிரி நீந்துதுங்க!” என்று கூவினார். பாராட்டுகிறோம் என்றுதான் அந்த மனிதர் நினைத்தார். ஒவ்வொருவராகப் பார்த்தோம், ஒவ்வொருவராகத் தட்டைத் தள்ளினோம். நான் பார்த்த விலாங்கு நம் கால்வாய்ப் படகைவிட நீளம், மீசை வேறு வைத்திருந்தது. அதோடு தெருவில் காடி வியாபாரம் படுத்துவிட்டது. ஐயா எத்தனையோ முறை கண்ணாடியோடு அவர் கடை வாசலுக்குப் போனார், கெர்பிராண்ட் அதில் கண்ணை வைக்கவே இல்லை.

இந்த முறை நான் போய்க் கெஞ்சினேன். “யோவ் ஃப்லோரிஸ், என் பொழப்புல புழுவ விட்ட ஆளுக்கு நான் தோள் குடுக்கணுமா?” என்றார். அவர் விடலைய்யா, இருந்ததப் பாத்தாரு, அவ்வளவுதான் என்றேன். “பாக்காத வரைக்கும் அதுல புழு இல்லய்யா!” என்று கத்தினார். இதை நம் பல்கலைக்கழகத்தில் பாடமாகவே வைக்கலாம்.

அப்போதுதான் ஐயாவின் தங்கை மச்டெல்ட் வந்தாள். அழவில்லை. அந்தப் பித்தளைத் தகட்டைக் கெர்பிராண்டின் கையில் வைத்து, “உடைச்சிடுங்க. அப்படியாவது வந்து தூக்குங்க. ஆனா உடைக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை பாத்துடுங்க. எங்கண்ணன் உங்ககிட்ட கேட்டது அது ஒண்ணுதான்” என்றாள். கெர்பிராண்ட் என்னை முறைத்தார், அவளை முறைத்தார், பீப்பாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். பார்த்தார் பார்த்தார், தொப்பியில் பாசி படர்ந்தது, கால்வாய் உறைந்து மறுபடி உருகியது, அதுவரைக்கும் பார்த்தார். பிறகு, “அடேங்கப்பா, என்னமா வளைஞ்சு வளைஞ்சு போகுதுங்க! இதுங்களையா இத்தன வருஷமா நான் வளத்தேன்?” என்றார். உடனே போட்டிக்குக் காடி விற்கும் தன் மச்சான் கடையிலிருந்தும் கொஞ்சம் வரவழைத்து வைத்துப் பார்த்தார், அதில் ஒன்றுகூட நீந்தவில்லை. “செத்த தண்ணிய வித்துருக்கான்யா திருட்டுப்பய!” என்று குதித்தார் பார், கூரைமேல் இருந்த நாரைகள் ஹார்லெம் நகரம் வரைக்கும் பறந்து ஓடின. குதித்த கையோடு அங்கியை மாட்டிக்கொண்டு வாசல் வாசலாகக் கூப்பிடப் போனார்.

ஊர்வலத்தைப் பற்றி என்ன சொல்ல, கோபுரம் குனிந்தது, கால்வாயில் மீன்கள் வாலில் நின்றன. பாதி வழியில் ஐயாவே பெட்டிக்குள்ளிருந்து எழுந்து, “கொஞ்சம் நில்லுங்க, அந்த மெழுகுவத்தில என்னமோ அசையுது” என்றார், படுக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவர் எதை விட்டுப்போனார் என்று யோசித்துக்கொண்டே வீடு திரும்பினேன். புத்தகம் ஒன்றும் எழுதவில்லை, கடிதங்கள் எங்கோ கிடக்கின்றன. ஆனால் நம் தெருவில் இப்போது யாரும் எதையும் சும்மா விழுங்குவதில்லை, காடியானாலும் பிரசங்கமானாலும் ஒரு நொடி நிறுத்தி உற்றுப் பார்க்கிறார்கள். என் பொய்களையும்தான், அது ஒன்றுதான் எனக்கு நஷ்டம்.

கடவுள் உனக்கும் மாப்பிள்ளைக்கும் நல்ல உடம்பையும் ஈரமில்லாத விறகையும் குறைவில்லாமல் கொடுக்கட்டும். மச்டெல்டுக்கு இரண்டு வரி எழுதிப் போடு, மறந்துவிடாதே, அந்த வீட்டில் இப்போது பேச்சுச் சத்தமே இல்லை. மற்றபடி மூழ்கிய கப்பலும் மீசை வைத்த விலாங்கும் நான் கட்டிய கதை. மச்சான் காடியிலும் ஏராளமாகத்தான் நீந்தின, கெர்பிராண்ட் குதிக்கவும் இல்லை, இன்னொரு முறை பார்த்துவிட்டு அந்தக் கண்ணாடியைத் தன் சட்டை நுனியால் துடைத்து மச்டெல்டிடம் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான். அவர் வந்தது மட்டும் நிஜம் மகளே. பெட்டியின் தலைமாட்டில் தோள் கொடுத்தவர், தேவாலயம் வரைக்கும் யாரையும் மாற்ற விடவில்லை.

உன் மாமன்,
ஃப்லோரிஸ்