மூக்குக்குள் இருந்த முள்

அன்பு மகள் வினிதாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், டப்ளின் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் கவலை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கண்ணு கடிதம்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். என் ஒற்றைத் தலைவலி உனக்குத் தெரியும், வலது கண்ணுக்குப் பின்னால் ஆரம்பித்து வாந்தியில் முடியுமே, அது தை மாதத்திலிருந்து வாரம் மூன்று முறை வந்தது. ஒருநாள் பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜை முன்னால் நின்றபோது பாதிப் பார்வை மறைந்து, கையில் இருந்த சட்டைக்கு ஒரு கைதான் தெரிந்தது. கூட வேலை செய்யும் சந்தனம் அக்கா “அம்மிணி, மொதல்ல உக்காரு” என்று தாங்கிப் பிடித்தார். மூளையில் கட்டி என்றே நினைத்துவிட்டேன்.

ஸ்கேனில் கட்டி இல்லை. மூக்கின் நடுச்சுவர் வளைந்து, அதில் முள் போல நீட்டிய எலும்பு பக்கத்துச் சதையில் அழுத்துகிறது என்று மூக்கு டாக்டர் படத்தைக் காட்டினார். வலி இருக்கும்போதே வரச்சொல்லி, மரத்துப்போகும் மருந்தைப் பஞ்சில் நனைத்து அந்த இடத்தில் வைத்தார், கால் மணி நேரத்தில் வலி வடிந்துவிட்டது. “மைக்ரேன் உங்களுக்கு இருக்குதுங்க, இந்த முள்ளு அதைக் கிளப்பி விடுதுன்னு நெனைக்கறேன். ஆபரேசன் பண்ணுனா கொறையலாம், சுத்தமாப் போயிரும்னு சொல்ல மாட்டேனுங்க” என்றார். சரி என்று சொல்லி, ஆபரேசன் நாள் வந்து ஆஸ்பத்திரியின் பச்சை உடுப்பையும் போட்ட பிறகு, மயக்கத்திலிருந்து எழாவிட்டால் உன்னைப் பார்க்காமலே போய்விடுவேனே என்று பயந்து, சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டேன். பின்னாலேயே வந்த அப்பா “பயமா இருந்தா வேண்டாம் புள்ள, உடு” என்றார்.

அடுத்த ஞாயிறு நீ போனில், வலது கண்ணுக்குப் பின்னால் இடிக்கிறது, அறையை இருட்டாக்கிப் படுத்திருக்கிறேன், டாக்டரிடம் போகப் பயம் என்றாய். ஓடிவந்தவள் எந்த வாயால் உன்னைப் போகச் சொல்வேன்? புதன்கிழமை திரும்பப் போய் ஆபரேசனுக்குப் படுத்தேன்.

பதினெட்டு நாள் ஆகிறது. மூக்கில் அடைத்த பஞ்சை எடுத்தபோது உயிர் போய் வந்தது. தலைவலி ஒரே முறை வந்தது, அரை மணியில் போனது. இன்னும் காலையில் விழித்ததும் அசையாமல் படுத்து, வருகிறதா என்று பயந்து பார்க்கிறேன். உனக்கும் இதே காரணமா என்று எனக்குத் தெரியாது, டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சென்னிமலை முருகன் உனக்குத் துணை இருப்பான். மறக்காமல் இந்த வாரமே டாக்டரிடம் நேரம் வாங்கு. அங்கே காத்திருக்கும்போது பயம் வந்தால் என்னைக் கூப்பிடு, உள்ளே அழைக்கும் வரை பேசிக்கொண்டே இருக்கலாம்.

உன் அம்மா,
ஜெயசுதா