மைக்ராஸ்கோப்பைக் கவிழ்த்துப் பார்த்த அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை எங்கள் லேபுக்குப் புது மைக்ராஸ்கோப் வந்தது. பெட்டியைப் பிரித்ததும் தெர்மாகோல் வாசனை. உடனே ஓசூரில் நாம் முதலில் சேர்ந்த கல்லூரியும், ஒரு புருவத்தை மட்டும் தூக்கிய உங்கள் முகமும் கண்முன் வந்து நின்றன.

இரண்டு வருட லேப் டெக்னீஷியன் படிப்பு. டயர் கடைக்கு மேல் மாடியில் வகுப்பு. நாங்கள் எல்லாம் பிளஸ் டூ முடித்த கையோடு வந்தவர்கள். நீங்கள் மட்டும் போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தீர்கள். நிரந்தர வேலை என்று சேர்த்துவிட்டு, காண்ட்ராக்ட் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்களாம். அதன்பிறகு யார் என்ன சொன்னாலும் நீங்கள் அப்படியே நம்பியதில்லை. கேண்டீன் சாம்பாரைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் ஊற்றிக்கொள்வீர்கள்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் தெர்மாகோல் பெட்டிகளில் மைக்ராஸ்கோப்புகள் வந்து இறங்கின. நாங்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தோம். நீங்கள் ஒன்றைக் கவிழ்த்து அடியில் பார்த்தீர்கள். வேறொரு கல்லூரியின் பெயர் பெயிண்டில் எழுதியிருந்தது. பார்வையிட வந்தவர்கள் போனதும் அவையும் போய்விட்டன. சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்றார் முதல்வர்.

“அங்கீகாரம் இருக்குதுன்னு சொல்லித்தான சார் எங்கள சேத்தீங்க? இப்ப எதுக்கு இன்ஸ்பெக்‌ஷன்?” என்று நீங்கள் அவரிடமே கேட்டீர்கள். மறுநாள் அவர் எங்களை ஒவ்வொருவராக அழைத்து, நீங்கள் போட்டிக் கல்லூரி அனுப்பிய ஆள் என்றார். அன்றிலிருந்து நீங்கள் உள்ளே வந்தாலே வகுப்பில் பேச்சு நின்றுவிடும். மாடிப்படியில் நின்று போனில் தெலுங்கில் பேசுவீர்கள். நாகரசம்பட்டிக்காரியான எனக்குத் தெலுங்கு வராது. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

“அம்மாகிட்ட பேசறேன் கண்ணு. எம் மேல சந்தேகமா?”

“ஆமாங்க்கா.”

நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. “சந்தேகம் வந்தா உள்ள வெச்சுக்காத. இப்படித்தான் கேட்டுரணும்” என்றீர்கள்.

அடுத்த வாரம் நாம் இருவரும் கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினோம். இரண்டாம் வருடப் பயிற்சி அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அங்கே லேபில் இருந்த ஓர் அம்மா, அப்படி ஒரு கல்லூரியையே கேள்விப்பட்டதில்லை என்றார். சந்தேகப்படுகிறவர்களுக்கு அது உண்மையானால் உள்ளூர ஒரு சந்தோஷம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். திரும்பும் பஸ்ஸில் சூளகிரி தாண்டும்வரை நீங்கள் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தீர்கள்.

பெற்றோர்களைத் திரட்டி, நீங்களே முன்னால் நின்று, எல்லோருடைய ஒரிஜினல் சான்றிதழ்களையும் வாங்கித் தந்தீர்கள். ஒரு வருடம் வீணானது. நீங்கள் நன்றாக விசாரித்த பிறகே நாம் அடுத்த கல்லூரியில் சேர்ந்தோம்.

அங்கே இரண்டாம் வருடத்தில் ரத்தப் பரிசோதனை வகுப்பு. ஒருவர் விரலை ஒருவர் குத்தி ஸ்லைடு போட வேண்டும். உங்கள் விரலைக் குத்தியவள் நான். லென்ஸுக்குக் கீழே வெள்ளணுக்கள் பெரிது பெரிதாக மொய்த்துக் கிடந்தன. ஸ்டெயின் சாயம் சரியில்லை என்றார் சார்.

“இன்னொண்ணு போடு” என்றீர்கள். இரண்டாவதும் அப்படியே இருந்தது. பஸ் அலைச்சல் என்று நீங்கள் வாரக்கணக்கில் சொல்லிவந்த அசதி அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் வெகுநேரம் லென்ஸில் பார்த்துவிட்டு நிமிர்ந்தீர்கள்.

“இது ஸ்டெயின் கோளாறு இல்ல கண்ணு.”

அது பொய்யாகிப் போகட்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை.

பெங்களூரு ஆஸ்பத்திரியில் உங்கள் வீட்டார் உங்களிடம் ரத்தச்சோகை என்றே சொல்லிவந்தார்கள். என்னையும் அப்படியே சொல்லச் சொன்னார்கள். நீங்கள் என் கையைப் பிடித்து, “நீயாச்சும் சொல்லு” என்றீர்கள். ரத்தப் புற்றுநோய் என்று சொன்னேன். அழுவீர்கள் என்று பயந்தேன். அன்று மதியம்தான் பல நாளுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினீர்கள். பரீட்சைக்கு முன்பே போய்விட்டீர்கள்.

இங்கே ரிப்போர்ட்டில் சந்தேகம் என்று யாராவது திரும்பி வந்தால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். நான் உட்காரவைத்து மறுபடியும் ரத்தம் எடுக்கிறேன். பெரும்பாலும் முதல் ரிப்போர்ட்டே சரியாக இருக்கும். சொன்னதும் அவர்கள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு எழுந்து போவார்கள். சந்தேகம் பொய்யாகும்போது வருகிற அந்தப் பெருமூச்சு, அக்கா, உங்களுக்கு ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை.