கிழமைக்கு ஒரு தாள்

1981 மார்ச் 2, திங்கள்

பிற்பகல் 4.20. வீட்டு முன்னறையில், மாமியின் சாரன் கடையில் டெலிபோன் அடித்தது. கொழும்பு ஏஜென்ட்.

"விசா வந்திட்டு தம்பி. சவூதி, தம்மாம். பிளான் படம் வரையிற வேலை, ரெண்டு வருஷம். மாசக் கடைசியில பிளேன் ஏறணும்."

கடிகாரத்தைப் பார்த்தேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை. போன ஜூலையில், என் பொஞ்சாதி நஸீறா காய்ச்சலில் மவுத்தான செய்தி நான் வேலை செய்யும் கந்தோருக்கு வந்தபோதும் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். எனக்குப் பழகிப்போன ஒரே காரியம் அளப்பது.

நஸீறாவின் தங்கை றபீக்கா வாசலில் நின்று என்னையே பார்த்தாள். "மச்சான், இது சந்தோஷ மூஞ்சா கவலை மூஞ்சா? ரெண்டும் ஒரே மாதிரி இரிக்கி."

மாமி தறியை நிறுத்தவில்லை. "போற எண்டா போங்க மகன். புள்ளைய நாங்க பாப்பம்."

இது மகள் நஸீறாவுக்கு என்று மாமி கட்டிக் கொடுத்த வீடு. அவள் இல்லாத இடத்தில் நான் என்ன கணக்கில் இருக்கிறேன்? போவதுதான் சரி.

மார்ச் 3

மகள் முனவ்வறாவுக்குச் சொன்னேன். ஆறு வயது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"சவூதிக்குப் படம் கீறி அனுப்பேலுமா வாப்பா?"

"ஓம். கிழமைக்கு ஒண்டு."

"எந்தக் கடுதாசியில?"

அவளுக்கு இன்னும் எழுத்து ஓடாது. எல்லாம் படம்தான், அதுவும் மெழுகுக் கலரில். அப்படியானால் வேண்டியது இது: விமானத் தபாலில் பத்துக் கிராமுக்குள் நிற்க வேண்டும், அவளுடைய கைக்குத் தாங்க வேண்டும். எட்டு மாதத்துக்குப் பிறகு எனக்குத் தெரிந்த மாதிரி ஒரு வேலை.

மார்ச் 5

விமானத் தபால் தாள். வெங்காயச் சருகு மாதிரி. நூறு தாள் அனுப்பினாலும் எடை தெரியாது. ஆனால் முனவ்வறா கோடு கீறுவதில்லை, உழுகிறாள். நாலாவது கோட்டில் தாள் கிழிந்து ஆட்டின் கால் மேசையில் முடிந்தது.

மாமி வந்து பார்த்துவிட்டு, "மேசையையும் சேத்து அனுப்புங்க மகன்" என்றார்.

மார்ச் 7, சனி

கல்முனைக்குச் சைக்கிளில் போனேன். பசாரில் அழகரெத்தினம் அண்ணனின் புத்தகக் கடை. கந்தோரிலிருந்து மைக்ரோமீற்றரைக் கொண்டுபோயிருந்தேன். தாளை ஒவ்வொன்றாக அதன் வாயில் வைத்துத் திருக, கடைக்கு வந்த ஆட்களெல்லாம் சாமான் வாங்குவதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"என்ன தம்பி, காதுகுத்துக் கல்யாணத்துக்குப் பவுண் பாக்கிற மாதிரிப் பாக்கிறியள்?"

"மகள் படம் கீற அண்ணன்."

"என்ட மகள் சுவரில கீறினவள். அதுக்கு நான் தடிப்புப் பாக்கல்ல."

எல்லாத்திலும் ஒவ்வொன்று தந்தார். கடைசியில் அவரே மைக்ரோமீற்றரை வாங்கித் தன் பெருவிரல் நகத்தை அளந்து பார்த்தார்.

மார்ச் 8

டைப் அடிக்கிற தாள்: கிழியவில்லை. ஆனால் மெழுகு பட்ட இடம் எல்லாம் நெளிந்துபோனது. கந்தோர் ட்ரேசிங் தாள்: பலம் உண்டு, கலர்தான் ஒட்டாமல் வழுக்குகிறது. பிறிஸ்டல் போட் அட்டை: முனவ்வறாவுக்கு நல்ல விருப்பம், எவ்வளவு அமத்தினாலும் அசையாது. ஆனால் மடித்தால் மடிப்பு வெடிக்கிறது. வெடித்த இடத்தில் கலர் தூளாகக் கொட்டுகிறது. உறைக்குள் வைத்தால் உறை ஒட்டாது.

"பணிஸ் மாதிரி ஊதிட்டு மச்சான்," என்றாள் றபீக்கா. "சவூதித் தபால்காரன் திண்டிருவான்."

மாமிதான் கேட்டார்: "சவூதியில உழைக்கப் போறவருக்கு முத்திரைக் காசுக்கா இந்தப் பாடு?"

நியாயமான கேள்வி. முத்திரைக்காக இல்லை. பின்னே எதுக்கு?

மார்ச் 11

மழை. மைக்ரோமீற்றரைக் கந்தோரில் திருப்பி வைத்தேன். யாரும் தேடியிருக்கவில்லை.

மார்ச் 14, சனி

கிடைத்தது! சித்திரத் தாள். மிகத் தடிப்பும் இல்லை, மெல்லிசும் இல்லை. சதுர மீற்றருக்கு நூற்றி இருபது கிராம். மேற்பரப்பு கொஞ்சம் சொரசொரப்பு, மெழுகைப் பிடித்துக்கொள்கிறது. முனவ்வறா முழுப் பலத்தோடு உழுதும் கிழியவில்லை. துணிக்கு இருக்கிற மாதிரித் தாளுக்கும் ஒரு ஓட்டம் இருக்கிறது. ஓரத்தை நனைத்தால் அது சுருளும் விதத்தில் தெரியும். அந்த ஓட்டத்தோடு மடித்தால் மடிப்பு வெடிக்காது. பள்ளிக் கொப்பி அளவில் வெட்டினால் உறையோடு பத்துக் கிராமுக்குள் நிற்கும்.

இரண்டு வருஷத்துக்கு நூற்றி நாலு தாள். றபீக்கா அடிமட்டத்தைப் பிடிக்க நான் வெட்டினேன். பழுதாகினால் என்று ஒன்று கூட. மாமி தறி நூலால் கட்டித் தந்தார்.

நஸீறா இருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? "ஒரு தாள் தேட ரெண்டு கிழமை. என்னைய மட்டும் ஒரே நாளில பாத்திட்டு ஓம் எண்டீங்களே."

இதைச் சொல்லியிருப்பாள். நிச்சயம் சொல்லியிருப்பாள்.

மார்ச் 22

ஏஜென்ட். "சனிக்கிழமை நாலு மணிக்குப் போன் பண்ணுவன். ஓம் எண்டு சொன்னாத்தான் டிக்கட். போன் எடுக்காட்டி அடுத்த ஆளுக்குக் குடுத்திருவன் தம்பி, பிறகு குறை சொல்லப்படா."

ஓம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? பெட்டி அடுக்கியாகிவிட்டது.

மார்ச் 27, வெள்ளி

ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து சோற்றில் கை வைத்தேன். முனவ்வறா தாள் கட்டை ரெண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தாள்.

"முடிஞ்சி வாப்பா."

"என்ன முடிஞ்ச?"

"எல்லாம். பெட்டிக்குள்ள வெய்ங்க. கிழமைக்கு ஒண்டு எடுத்துப் பாருங்க. முத்திர தேவல்ல."

நூற்றி நாலும். பள்ளிவிட்டு வந்து, சாப்பிட மறந்து, தறிக்குக் கீழே படுத்துக்கொண்டு கீறித் தள்ளியிருக்கிறாள். "நானும் சோலியா இரிக்காள் எண்டு சந்தோஷமா விட்டுட்டன்," என்றாள் றபீக்கா.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. தாள் எல்லாம் வீணாப் போச்சே எண்டு! பொஞ்சாதி மவுத்துக்கு வராத ஒண்டு, கடுதாசிக்கு வருகுது. என்ன மனிசன் நான்?

கை கழுவிவிட்டு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆடு. கிணறு. மாமியின் தறி. சிவப்புச் சோட்டிச் சட்டையில் றபீக்கா. கடல், அதில் வீட்டை விடப் பெரிய மீன். எல்லாத்திலும் ஒரு மூலையில் ஒரு மேசை. மேசைக்கு முன்னால் ஒரு ஆள் — முதுகு, கழுத்து, மேலே கறுப்பு மயிர். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றிலும் முகம் இல்லை.

றபீக்கா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "முதுகு அச்சு அசல் நீங்கதான் மச்சான்." சிரிக்கத் தொடங்கினவள் நிறுத்திவிட்டாள்.

"வாப்பாட முகம் எங்க மகள்?"

"நீங்க எந்த நாளும் மேசையிலதானே. நான் பின்னால இரிந்துதானே கீறின."

குற்றம் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

ஒரு தாளைத் திருப்பி விரலால் தடவினேன். அவள் அமத்தின இடமெல்லாம் பின்பக்கம் புடைத்து நிற்கிறது. அந்த முதுகுக் கோடுதான் ஆக ஆழம். நூற்றி இருபது கிராம் தாள், தாங்கியிருக்கிறது.

அல்லாஹ்வே, நான் எட்டு மாசமா எங்க பாத்துக்கொண்டு இரிந்த?

மார்ச் 28, சனி

கூட வெட்டின ஒரு தாள் மிச்சம் இருந்தது. முனவ்வறா அதை எடுத்து வைத்திருந்தாள். பின்னேரம், நாலு அடிக்க முன்னமே, என்னைக் கடையில் வெளிச்சத்தைப் பார்த்து இருத்தினாள்.

"அசையப்படா."

"சரி."

"கண்ணை நல்லாத் துறங்க. கதைக்கப்படா."

"போன் அடிச்சா?"

"அப்பவும் திரும்பப்படா. திரும்பினா மறுகா முதுகுதான் வரும்."

மாமி தறியை நிறுத்திவிட்டு கதவு நிலையில் சாய்ந்து நின்றார். கடிகாரம் எனக்குப் பின்பக்கம் இருந்தது. எத்தனை மணி என்று தெரியாமல் இருப்பது என்னவோ மாதிரி இருந்தது. போன் இன்னும் அடிக்கவில்லை. எழும்பினேன். முனவ்வறா கலர்க் குச்சியை ஓங்கினாள்.

"ஒரு நிமிஷம் மகள்."

ரிசீவரைத் தூக்கி, சாரன் அடுக்கின் மேல் படுக்க வைத்துவிட்டு வந்து இருந்தேன்.

அது காதடியில் நுளம்பு மாதிரிக் கூவிக்கொண்டே கிடந்தது. மாமி வந்து ஒரு சாரனை விரித்து அதை மூடினார். "புள்ளைக்குக் கரைச்சல்," என்றார், என்னைப் பார்க்காமல்.

இரவு எழுதுகிறேன். படம் சுவரில் இருக்கிறது. மடிக்கவில்லை. மூக்கு மிகப் பெரிது என்று றபீக்கா சொல்கிறாள். அளந்து பார்க்கச் சொன்னாள். அளக்கவில்லை.

ரிசீவர் இன்னும் சாரனுக்குக் கீழேதான்.